குருவி ரத்தம் பார்க்கிறவள்

துளி என்ற பெயரைத் தையல்காரம்மா முதன்முதலில் கேட்டபோது அவர் கையில் கேனரிப் பறவைக் கூண்டின் எச்சத் தட்டு இருந்தது. மொட்டைமாடியில் உட்கார்ந்து பழைய கரண்டியால் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தம்பி படியேறி வந்தான். முழங்கால் வரை சேறு. செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அக்கா, கூண்டுல வைக்கிற தண்ணிய தினமும் மாத்தணுமாம். துளி சொன்னா."

"தினமும்தான்டா மாத்தறேன். அது யாரு துளி?"

"எங்க ஆபீஸ்ல ரத்தம் எடுக்கிற பொண்ணு."

"யாருக்கு எடுக்குது?"

"குருவிக்கு."

கரண்டி நின்றது. "குருவிக்கா? அதுகிட்ட என்னடா இருக்கு, எடுக்கிறதுக்கு?"

"ஒரு துளி போதுமாம். ஊசி குத்தும்போது குருவிகிட்டயே சொல்லுவா, 'ஒரு துளிதான், ஒரே ஒரு துளிதான்'னு. அதனால எல்லாரும் துளின்னே கூப்பிடறாங்க."

தம்பி சொன்னது பாதி விஷயம். சொல்லும்போது அக்காவைப் பார்க்காமல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தானே, அதுதான் மீதி. தையல்காரம்மா மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். "ஊருல இருக்கிற கொசு பத்தாதுன்னு அதுக்குப் போட்டியா ஒருத்தியக் கூட்டிட்டு வரப்போறியா?" என்றார். அவன் காது சிவந்து இறங்கிப் போனான், படிக்குப் படி சேற்றை வைத்துவிட்டு.

தம்பி என்றால் ஒரே வயிற்றுத் தம்பி இல்லை. தையல்காரம்மாவின் அம்மாவும் அவன் அம்மாவும் அக்கா தங்கைகள். தங்கை பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். அக்கா அவனைத் தன் பெண்ணோடு சேர்த்து வளர்த்தாள். அந்த அக்காவும் போன பிறகு பெண் வளர்த்தாள். ஆக, தையல்காரம்மா அவனுக்குப் பாதி அக்கா, பாதி அம்மா. வரப்போகிறவளுக்குப் பாதி நாத்தனார், பாதி மாமியார். இரண்டு பாதியில் எது என்றைக்கு முன்னால் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வாரமே துளி வந்தாள். சின்ன உருவம், பெரிய தோள்பை, நகக்கண்ணெல்லாம் ஊதா நிறம். தையல்காரம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சட்டையின் தோளைப் பார்த்தார். தையல் விட்டிருந்தது. "உள்ள போய்க் கழட்டிக் குடும்மா, ஒரு நிமிஷ வேலை" என்றார். துளி கூச்சப்படாமல் உள்ளே போய்த் தையல்காரம்மாவின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. அந்த வீட்டில் பெண் பார்த்த கதை அவ்வளவுதான்.

உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே அண்ணி போட்டுப் பேசினாள். நாலு பெண்களில் அவள் மூன்றாவது. மூத்த இரண்டும் அழகு, கடைசி செல்லம், நடுவில் மாட்டிக்கொண்டவளை யாரும் கவனிக்கவில்லை, அதனால் நிம்மதியாகப் படித்தாளாம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு வெளுக்கிற வேலை. அம்மா வெளியே வெளுக்க, மகள் உள்ளே ரத்தம் பார்க்கப் போனாள். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு ஆஸ்பத்திரி ஒரு மெஷின் வாங்கியது. மெஷினுக்குக் கண் வலிக்காது, லீவு கேட்காது. ஆகவே துளி ஏரிக்கரைக்கு வந்தாள். அங்கே காட்டுப் பறவைகளைப் பிடித்து, ரத்தம் எடுத்து, காலில் வளையம் போட்டு விடுகிற ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. தம்பி அங்கேதான் ஜீப் ஓட்டுகிறான்.

"முதல் நாளே மானம் போச்சு அண்ணி" என்றாள். "மனுஷ ரத்தத்துல செல்லு வெறும் தட்டு மாதிரி இருக்கும். நடுவுல ஒண்ணும் இருக்காது. எதுனா இருந்தா அது கிருமி. வருஷக்கணக்கா இதையே பார்த்த கண்ணு. இங்க வந்து ஒரு குருவி ரத்தத்தை வெச்சுப் பார்க்கிறேன், ஒவ்வொரு செல்லுலயும் நடுவுல ஊதாவா ஒண்ணு உட்கார்ந்திருக்கு! ஒண்ணு விடாம! எங்க டாக்டரம்மாகிட்ட ஓடினேன். 'மேடம், இந்தக் குருவி சாயங்காலம் தாங்காது'ன்னேன்."

"ஐயையோ, அப்புறம்?"

"அவங்க குனிஞ்சு பார்த்தாங்க. 'சாயங்காலமும் தாங்கும், அடுத்த வருஷம் முட்டையும் போடும். பறவை செல்லுக்குள்ள எப்பவும் கரு இருக்கும்மா, முட்டைக்குள்ள மஞ்சக்கரு மாதிரி'ன்னாங்க. அதுக்குள்ள நான் பக்கத்துக் குருவிக்கும் நாள் குறிச்சிட்டேன்."

தையல்காரம்மா சிரித்ததில் தையல் கோணிப் போனது. பிரித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. கணவர் போன பிறகு அந்த அறையில் அப்படியொரு சிரிப்பு கேட்டது அன்றைக்குத்தான்.

கணவர் குழாய்க்காரர். ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர் அவர் மாட்டிய குழாயில் வந்தது. மொட்டைமாடியில் மிச்சக் குழாய்களை வெட்டி, இணைத்து, கம்பி வலை போட்டுக் கேனரிகளுக்கு ஒரு அறையே கட்டியிருந்தார். கூரைத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று அதன் பக்கத்தில் ஒரு பீப்பாயும் வைத்தார். மழைத் தண்ணீர் பூச்செடிக்கு நல்லது என்பது அவர் கட்சி. மாலையில் வேலை முடிந்து வந்ததும் நேராக மாடிக்குப் போவார். பறவைகளைப் பார்ப்பார். பிறகு கீழே கடைக்குக் கேட்கிற மாதிரி விசில் அடிப்பார். குட்டையாய் இரண்டு, நீளமாய் ஒன்று. அந்த நீளம் கடைசியில் குழாயை இறுக்கி மூடினாற்போல மேலே போய் நிற்கும். அதற்கு அர்த்தம் டீ. "கேக்குது, கேக்குது, எனக்கும் காது இருக்கு!" என்று தையல்காரம்மா கீழிருந்து கத்துவார். கத்திவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பார்.

அந்த விசிலை ஒரு ஆண் கேனரி பிடித்துக்கொண்டது. அதனிடமிருந்து அதன் பிள்ளை பிடித்துக்கொண்டது. குழாய்க்காரர் மார்வலி வந்து போய்ச் சேர்ந்த பிறகு, உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மாலையில், மாடியிலிருந்து அந்த விசில் வந்தது. தையல்காரம்மா எழுந்து போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அன்று முதல் விசிலடித்த அந்தப் பிள்ளைப் பறவைக்கு டீக்காரன் என்று பெயர்; அப்பன் பறவை முன்பே போயிருந்தது. தினமும் மாலையில் டீக்காரன் கூப்பிடுவான், அவர் டீ போடுவார், மாடிக்குப் போய்க் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பார். பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

கல்யாணம் ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நடந்தது. துளி மேல்மாடி அறைக்குக் குடிவந்தாள். ஜன்னல் விளிம்பில் கண்ணாடிச் சில்லுகள் வரிசையாகக் காய்ந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடமாட்டாள். எதிரே பொத்தான் கடை வைத்திருந்தவள் விடுவாளா? "உங்க தம்பி பொண்டாட்டி கையெல்லாம் ஊதாவா இருக்கே, மைப்புட்டியில விழுந்து எழுந்தாளா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். தையல்காரம்மா, "நீ நூல் விக்கிற விலைக்கு உன் கைதான் சிவப்பா இருக்கணும்" என்பார்.

வந்த புதிதில் துளி மாடியைச் சுற்றிப் பார்த்தாள். பீப்பாயை எட்டிப் பார்த்தாள். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. விரலால் தட்டினாள், எல்லாம் குட்டிக்கரணம் போட்டு அடிக்குப் போயின. "இதுக்கு ஒரு மூடி போட்டுடலாமே அண்ணி" என்றாள்.

"அவர் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கட்டும்மா."

துளி பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு நாள் தையல்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு, தம்பியின் ஜீப்பில் ஏரிக்குப் போனார். நாணல்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலைகள் கட்டியிருந்தார்கள். நல்ல நூல், நல்ல முடிச்சு என்று அவர் தொட்டுப் பார்த்தார். வலையில் விழுந்த சிட்டுக்குருவியைத் துளி எடுத்தாள். முதுகு உள்ளங்கையில், கழுத்து இரண்டு விரலுக்கு நடுவே. இறக்கையை விரித்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சின்ன இறகுகளை ஒதுக்கினாள். தோலுக்குள் நீல நூல் மாதிரி ஒரு நரம்பு. "ஒரு துளிதான், ஒரே ஒரு துளிதான்." ஊசி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கடுகளவு சிவப்பு எழுந்து நின்றது. அதைச் சில்லில் தொட்டு, இன்னொரு சில்லின் விளிம்பால் ஒரே இழுப்பு இழுத்தாள். நாக்கு வடிவத்தில் பரவியது. குருவி காலில் வளையத்தோடு பறந்துபோய் நாணலில் உட்கார்ந்து திட்டியது.

தையல்காரம்மா அந்த விரல்களையே பார்த்தார். ஊசி பிடிக்கிற கை எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அறைக்குள் போனதும் துளி அவரை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தாள். தெரிந்தது எல்லாம் நீள்வட்டம், நீள்வட்டமாக. நடுவில் அந்தப் பேர்பெற்ற கரு. ஒன்றில் மட்டும் கருவைச் சுற்றி வளைத்துக்கொண்டு நீலமாய் ஏதோ கிடந்தது, குளிருக்கு அடுப்பைச் சுற்றிப் படுத்த பூனை மாதிரி.

"அதுதான் அண்ணி. ரத்தத்துல குடியிருக்கிற கிருமி. இந்த ஏரியில பாதிக் குருவிக்கு மேல இருக்கு. ஒண்ணு ரெண்டு இனம் இருக்கு, நம்ம மலேரியாவுக்குச் சொந்தக்காரங்க. ஆனா நமக்கு வராது."

"பாதிக்கு மேலயா? அப்ப ஏன் எல்லாம் செத்து விழல?"

"பழகிடுச்சு. உங்க சர்க்கரை மாதிரி. அதுபாட்டுக்கு அது இருக்கும், இவங்க பாட்டுக்கு இவங்க பாடுவாங்க. வாடகைக்கு இருக்கிறவன் வீட்டை இடிப்பானா? பழக்கமில்லாத பறவைக்குள்ள போனாத்தான் தகராறு."

"யாரு கொண்டுபோய் விடறது?"

"இதுக்குக் கொசு. வேற சில இனத்துக்கு வேற பூச்சி."

தையல்காரம்மா மறுபடி குனிந்து பார்த்தார். "நல்லாத் தூங்குது பாரு" என்றார்.

அந்த வருடம் மழை நின்ற பிறகும் புழுக்கம் நிற்கவில்லை. ஒரு காலையில் பெட்டை கேனரி ஒன்று இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. மாலையில் கூண்டின் தரையில் கிடந்தது. துளி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "கொஞ்சம் பாரேன்மா, எதுனா வியாதியா?" என்றார் தையல்காரம்மா.

துளி மற்ற பறவைகளைப் பிடித்து ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்தாள். டீக்காரன் மட்டும் அவள் கட்டைவிரலைக் கடித்தான். மறுநாள் நிலையத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். மாலையில் படியேறும்போதே, "ரத்தம் சுத்தம் அண்ணி! ஒண்ணுமே இல்லை!" என்று கத்திக்கொண்டே வந்தாள். தையல்காரம்மாவுக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் ராத்திரிக் காற்றுதான் ஆகவில்லை என்று கூண்டைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். கதகதப்பாக இருக்கட்டும் என்று. கொசுவுக்கும் அது கதகதப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு பெட்டை, அப்புறம் டீக்காரனின் மூத்த பிள்ளை, விசிலைப் பாதி கற்றிருந்தவன். அப்புறம் இன்னொன்று. டீக்காரன் பாடுவதை நிறுத்திவிட்டான். இருப்பதில் மிச்சம் டீக்காரன், இரண்டு பெட்டைகள், இறகு மாறாத ஒரு சின்னவன். சின்னவனுக்கு இன்னும் கீச்கீச்சைத் தவிர எதுவும் வராது. டீக்காரன் போனால் விசில் போனது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாலையில் கடையில் மெஷின் நின்றுவிடும். தையல்காரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் வராது. டீயும் கிடையாது.

பொத்தான் கடைக்காரி வந்து உட்கார்ந்தாள். அனுதாபமாகத்தான் வந்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தினமும் நூறு காட்டுக் குருவியத் தொட்ட கையோட ஒருத்தி வீட்டுக்குள்ள வரா. ஊசி வேற குத்தினா. அப்புறம்தானே இத்தனையும்?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்று மாலை மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். துளி வந்து பூட்டைப் பார்த்தாள்.

"அண்ணி?"

"சுத்தம்னு சொன்னியே. எது சுத்தம்?"

"பார்த்தேன் அண்ணி, நிஜமா..."

"பழக்கமில்லாத பறவைக்குள்ள போனாத் தகராறுன்னு நீயேதானே சொன்ன? எங்கேயிருந்து போச்சு? எந்தக் கையில போச்சு?"

துளி முகத்தில் ஈயாடவில்லை. தம்பி நடுவில் வந்து, "அக்கா, அவ சோப்புப் போட்டுக் கழுவாம..." என்று ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஒரே குரலில் "நீ சும்மா இரு" என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மறுநாள் காலையில் மற்றொரு பெட்டையும் போயிருந்தது. தையல்காரம்மா அதை மஞ்சள் சாட்டின் துண்டில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், துளி தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணி கையோடு வந்தது. பொத்தான் கடை வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

தையல்காரம்மா வாசலுக்கு வந்தார். "செத்த பிறகும் விடமாட்டியா நீ?"

துளி அந்தப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். "கொஞ்ச நாள் ஏரி ஸ்டேஷன் ரூம்லயே தங்கிக்கிறேன் அண்ணி" என்றாள். ஜீப்பில் ஏறிக்கொண்டாள். தம்பி அக்காவைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூடப் பார்க்கவில்லை.

வீடு இரண்டாள் குறைந்தால் எப்படி இருக்கும் என்று தையல்காரம்மாவுக்கு முன்பே தெரியும். தெரிந்ததனால் வலி குறையவில்லை. தம்பி துணி எடுக்க வந்து போனான். மேல்மாடி ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது.

துளி திரும்பி வந்தது ஒரு நண்பகலில். கடையில் அளவு கொடுக்க வந்தவர்கள் இருந்தார்கள். அவளும் வாடிக்கைக்காரி மாதிரி வாசலில் ஓரமாக நின்றாள். எல்லாரும் போன பிறகு உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"தப்பு என்னுதுதான் அண்ணி."

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"டாக்டரம்மா அதை அறுத்துப் பார்த்தாங்க. ஈரல் கறுத்து வீங்கியிருந்துச்சு. ஈரலைச் சில்லுல ஒத்தி எடுத்துப் பார்த்தோம். மூளையிலயும் பார்த்தோம். அங்க கூட்டமா உட்கார்ந்திருக்கு. அது முதல்ல உள்ளதான் பெருகும், ரத்தத்துக்கு அப்புறமாத்தான் வரும். சில பறவை அது ரத்தத்துக்கு வர்றதுக்குள்ளயே போயிடும். நான் ரத்தத்தை மட்டும் பார்த்துட்டு வந்து கத்தினேன்."

"உனக்கு இது தெரியாதா?"

"தெரியும்." துளி தரையைப் பார்த்தாள். "நல்லாத் தெரியும். நான் பார்த்த வரைக்கும் இல்லைன்னு சொல்லியிருக்கணும். நீங்க படியிலயே நின்னுக்கிட்டிருந்தீங்க. உங்க மூஞ்சியப் பார்த்ததும் சுத்தம்னு வாயில வந்துடுச்சு."

தையல்காரம்மா மெஷின் மேல் கிடந்த துணியை மடித்து வைத்தார். அந்த முகத்தோடு தான் நின்றது அவருக்கும் நினைவிருந்தது. அந்த நேரத்தில் வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் தான் கேட்டிருப்போமா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

"அப்ப உன் கையிலதான் வந்துச்சா?"

"கையில வராது. ஊசியையும் ஒவ்வொண்ணுக்கும் புதுசாத்தான் எடுத்தேன். கொசுதான் அண்ணி. நம்ம சுவத்துப் பொந்துல குருவி இருக்கே, அதைக் கடிச்ச கொசு கேனரியக் கடிச்சிருக்கு."

"இத்தனை கொசு எங்கேயிருந்து வருது நம்ம மாடிக்கு?"

துளி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த மௌனம்தான் தையல்காரம்மாவுக்கு உறைத்தது. மூடி போட்டுடலாமே அண்ணி. வெச்சது வெச்ச மாதிரியே இருக்கட்டும்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியேறினார். துளி பின்னால் போனாள். பீப்பாயில் தண்ணீர் கழுத்து வரை இருந்தது. தட்டினார். எல்லாம் குட்டிக்கரணம் போட்டன. மழை விட்டதும் மூடியைத் திறந்து தண்ணீர் எவ்வளவு என்று அவரும் கணவரும் எட்டிப் பார்த்த நாட்கள் உண்டு. அப்போது கேனரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றும் நினைத்தார். அப்போது அதற்கு மூடி இருந்தது. ஒரு புயலில் பறந்துபோன மூடி. கணவர் போன பிறகு பறந்தது. அதனால் யாரும் வேறு போடவில்லை.

"புரட்டிடலாம். நீ அந்தப் பக்கம் பிடி."

பிடித்தார்கள். பீப்பாய் அசையவே இல்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். துளி குனிந்து அடிப்பக்கம் பார்த்து, "அண்ணி, இங்க ஒரு அடைப்பான் இருக்கு" என்றாள். துரு ஏறிய பெரிய திருகாணி. என்றைக்காவது கழுவ வேண்டியிருக்கும் என்று குழாய்க்காரர் வைத்துவிட்டுப் போனது. வேறு யார் வைப்பார்கள்? தையல்காரம்மா கீழே போய் அவருடைய பெரிய ஸ்பேனரைக் கொண்டு வந்தார். முதலில் தான் முயன்றார், பிறகு துளி, பிறகு ஒரே பிடியில் இரண்டு பேரின் நான்கு கைகளும். கிரீச் என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர்.

வெயிலில் மாடி முழுக்கப் பரவி ஓடியது. புழுக்கள் சூடான தளத்தில் துடித்து நின்றன. தையல்காரம்மாவின் பாவாடை நனைந்தது. அவர் நகரவில்லை. கடைசித் தண்ணீர் சொட்டுகிற வரை ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்கு வந்துடு" என்றார், பீப்பாயைப் பார்த்தபடியே.

"சரி அண்ணி."

அன்று பிற்பகல் வாடிக்கைத் துணி எதையும் அவர் தொடவில்லை. பறவை அறை முழுவதற்கும் கொசுவலை தைத்தார். கொசுவலைத் துணி மெஷினில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். அடியில் செய்தித்தாளைக் கீற்றாக வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்துவிட வேண்டும். துளி தாளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு ஓரத்துக்கும் இரட்டைத் தையல். கதவுக்கு இரண்டு மடிப்பு.

"இந்த ஓட்டை வழியா வருமா?"

"வராது."

"நீ பார்த்த வரைக்குமா?"

துளி நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரம்மாவின் உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

பறவை வைத்தியர் மருந்து கொடுத்தார். மனிதருக்கு மலேரியாவுக்குக் கொடுக்கிற மருந்தைக் கரைத்துக் கரைத்துத் தண்ணீராக்கிய மாதிரி ஒன்று. காலையில் வாய்க்கு ஒரு சொட்டு. துளி கூண்டுக்குள் கைவிட்டு எடுத்து, தையல்காரம்மா மடியில் வைத்துக்கொள்ள, சொட்டு விடுவார்கள். சின்னவன் தும்மினான். மீந்த பெட்டை முறைத்தது. டீக்காரன் கடிக்கவில்லை. அதுதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது.

டீக்காரன் பிழைக்கவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மாலையில், தையல்காரம்மாவின் உள்ளங்கைச் சூட்டில், விசில் அடிக்க வேண்டிய நேரத்தில் போனான். இந்த முறை குப்பைத் தொட்டி இல்லை. காலி பீப்பாயில் துளியும் தம்பியும் மண் நிரப்பினார்கள். அதில் புதைத்து மேலே பூச்செடி வைத்தார்கள்.

மற்ற இரண்டும் தேறின. துளி சின்னவனின் ரத்தத்தைப் பார்த்தாள். இப்போது வெளியே வந்திருந்தது கிருமி, அங்கொன்றும் இங்கொன்றுமாக. "இது இனி போகாது அண்ணி. இருக்கும். ஆனா அவன் தாக்குப்பிடிப்பான். நான் பார்த்த வரைக்கும்." அவள் அந்த மூன்று வார்த்தைகள் இல்லாமல் பேசுவதையே விட்டிருந்தாள். தம்பி டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட, "நான் குடிச்ச வரைக்கும் போதும்" என்பாள்.

டீ நேரம் வந்தால் மட்டும் வீட்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தையல்காரம்மா காதைச் சாய்ப்பதையும் விட்டுவிட்டார். மெஷினை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருப்பார். டீ குடிப்பதே நின்றுபோனது. வாடிக்கைக்காரர்களிடம் சர்க்கரை வியாதி என்றார்.

புழுக்கம் போய்க் குளிர் வந்து, சின்னவனுக்கு இறகு மாறி, தொண்டையில் ஏதோ உருள ஆரம்பித்தது. ஒரு மாலை மெஷினில் நூல் அறுந்தது. ஊசியில் கோத்துக்கொண்டிருந்த அந்த அமைதியில், மேலிருந்து வந்தது. குட்டையாய் இரண்டு. நீளமாய் ஒன்று.

தையல்காரம்மா கையில் நூலோடு எழுந்தார். ஏதோ சரியில்லை. அந்த நீளம் மேலே போய் நிற்கவில்லை; சறுக்கிக் கீழே வந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி சறுக்கியது. படியேறினார். மேல்மாடி அறைக் கதவு திறந்திருந்தது. துளி ஜன்னலில் சில்லுகளை அடுக்கிக்கொண்டே, தன்னை அறியாமல் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து மாலைக்கு மாலை கேட்ட விசில். வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊத வராது, ஆனாலும் ஊதினாள். தலைக்கு மேலே, வலைக்குள்ளிருந்து, சின்னவன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். சறுக்கலோடு.

துளி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள். "ஐயோ அண்ணி, நான் வேணும்னு..."

"எத்தனை நாளா ஊதற?"

"தெரியலையே."

"கடைசில மேல போகணும்மா. குழாயை இறுக்கி மூடற மாதிரி."

துளி முயன்றாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். சறுக்கியது. தையல்காரம்மா தானே ஊதிப் பார்த்தார். அவருக்கு அதுவும் வரவில்லை. இத்தனை வருடம் கேட்கத்தானே செய்தார். இரண்டு பேரும் உதட்டைக் குவித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். மாடியில் சின்னவன் பொறுமை இழந்து மறுபடி கூப்பிட்டான்.

"கேக்குது, கேக்குது, எனக்கும் காது இருக்கு!" என்று தையல்காரம்மா மேலே பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு அடுப்பைப் பற்றவைக்க இறங்கிப் போனார்.

சின்னவன் அதற்குப் பிறகும் விசிலைத் திருத்திக்கொள்ளவில்லை. அவன் பிள்ளைகளுக்கும் அந்தச் சறுக்கல் வந்திருக்கிறது. தையல்காரம்மா யாரிடமும் குறை சொல்வதில்லை.

துளி இப்போதும் அந்த வீட்டு மேல்மாடி அறையில்தான் இருக்கிறாள். காலையில் ஏரிக்குப் போகிறாள், மாலையில் திரும்பி வருகிறாள். மொட்டைமாடிச் சாவி அவளிடம் இருக்கிறது.